தரையில் விழுந்த சூப்பான்

சூப்பானைப் பற்றி வீட்டில் எழும் பேச்சில் இரண்டு கட்சிகள் உண்டு. “அந்தக் கருமத்தைப் பிள்ளை வாயில வைக்காதே” என்பது ஒன்று. “அதெல்லாம் வெந்நீர்ல போட்டு எடுத்தாச்சு” என்பது இன்னொன்று. முதல் கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். இந்த அத்தியாயத்துக்கு வழக்கு இரண்டாவது கட்சியோடுதான். காலை ஏழு மணிக்குக் கொதிக்கவைத்து எடுத்த சூப்பான், பத்து மணிக்குள் தூளிச் சேலையின் மடிப்பில் கிடந்து, ஹால் தரையில் உருண்டு, மூத்தவளின் கவுன் பாக்கெட்டுக்குள் போய்விட்டு வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுத்த கை அதற்கு முன் எதைத் தொட்டது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்டால் மட்டும், “காலையிலதான் கொதிக்கவெச்சேன்” என்று பதில் வரும்.

கொதிநீர் கிருமியைக் கொல்லும்; அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பாத்திரத்திலிருந்து எடுத்த நொடியோடு அதன் காவல் முடிந்துவிடுகிறது. மீதி நாள் முழுக்கச் சூப்பானைக் காப்பாற்றுவது சோப்பும், நன்றாகக் காய வைப்பதும், எடுத்துக் கொடுப்பவரின் கை சுத்தமும்தான். அடுப்புக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை இந்த மூன்றுக்கும் கொடுத்தால் போதும் என்பதே என் கட்சி.

அழுக்கு எங்கே ஒளிகிறது

ஒரு சூப்பானைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குழந்தை சப்பும் குமிழ், உதட்டுக்கு வெளியே நிற்கும் தட்டு, பின்னால் ஒரு வளையம் அல்லது பிடி: இவ்வளவுதான் உருவம். சப்பும் பகுதி பளபளவென்று இருப்பதால் அதையே பார்த்துவிட்டுச் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். சிக்கல் இருப்பது சப்பும் பகுதி தட்டோடு சேரும் இடுக்கில். எச்சிலும் பாலின் மிச்சமும் வழிந்து அங்கேதான் தங்கும். இரண்டு நாள் சரியாகக் கழுவாமல் விட்டால் அந்த இடுக்கில் வழவழவென்று ஒரு படலம் கட்டும். நகத்தால் தொட்டாலே தெரியும். கிருமிகள் கூட்டமாக ஒட்டி, தங்களைச் சுற்றித் தாங்களே ஒரு பசைப் போர்வையைச் சுரந்துகொண்டு வாழும் இடம் அது. சும்மா தண்ணீரில் அலசினால் அந்தப் போர்வை கழன்று வராது. தேய்த்தால்தான் வரும்.

தட்டில் இருக்கும் துளைகளையும் பாருங்கள். அவை அழகுக்கு வைத்தவை அல்ல. தப்பித்தவறித் தட்டு முழுவதும் குழந்தையின் வாய்க்குள் போய்விட்டால் மூச்சுக் காற்று போக வழி வேண்டும் என்பதற்காக வைத்தவை. அந்தத் துளைகளின் உள்விளிம்பிலும் அழுக்கு சேரும்.

இதனால்தான் வாங்கும்போதே பாதிச் சுத்தம் முடிவாகிவிடுகிறது என்கிறேன். சப்பும் பகுதியும் தட்டும் பிடியும் தனித்தனியாகச் செய்து பொருத்தியவற்றை விட, முழுவதையும் ஒரே சிலிக்கானில் வார்த்த ஒற்றைத் துண்டுச் சூப்பான் எவ்வளவோ மேல். இடுக்கு இல்லை, உள்ளே தண்ணீர் போய்த் தேங்கும் பொந்தும் குறைவு, எந்தப் பாகமும் கழன்று தொண்டையில் சிக்கும் பயமும் இல்லை. மணி கட்டியது, விளக்கு எரிவது, குலுக்கினால் சத்தம் வருவது ஆகியவை எல்லாம் அழுக்குக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. பொட்டலத்தில் ‘ஈஎன் 1400’ என்று இருந்தால் நல்லது. அது ஐரோப்பாவில் சூப்பான்களுக்கென்றே உள்ள பாதுகாப்புத் தரம். சாலையோரக் கூடையில் உறை இல்லாமல், தூசியோடு குவித்து விற்கும் சூப்பானை மட்டும் வாங்கவே வேண்டாம். எதில் செய்தது என்று விற்பவருக்கே தெரியாது.

தேன் நிறத்தில் இருப்பது இயற்கை ரப்பர். மென்மையானது, கடித்தாலும் சட்டென்று கிழியாது. ஆனால் சூடும் வெயிலும் எண்ணெயும் அதற்கு ஆகாது. நாளாக ஆகப் பிசுபிசுக்கும். சில குழந்தைகளுக்கு ரப்பர் ஒவ்வாமையும் வரலாம். கண்ணாடி போல இருப்பது சிலிக்கான். கொதிக்கவைப்பதைத் தாங்கும், மணமோ சுவையோ ஏறாது. பல் முளைத்த குழந்தை கடித்தால் மட்டும் கிழியும். நம் வீடுகளில் அடுப்பை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது என்பதால் சிலிக்கானே வசதி.

எத்தனை வாங்குவது? ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு சுத்தம் காக்க முடியாது. ஒன்று விழுந்து, இன்னொன்று இல்லை என்றால், அழுகிற பிள்ளைக்கு எதிரே எந்த விதியும் நிற்காது. முந்தானையில் துடைத்து வாயில் வைத்துவிடுவோம். ஒரே வகையில் நான்கோ ஐந்தோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவது முதலில், கொதிக்கவைப்பது பிறகு

இந்த வரிசையை மாற்றக் கூடாது. பாலில் இருக்கும் புரதம் சூடு பட்டால் இறுகும். பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எச்சிலும் பாலும் படிந்த சூப்பானை அப்படியே கொதிநீரில் போட்டால் கிருமி சாகலாம், படலம் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் கிருமிக்கு அந்தப் படலமே பாய் விரித்து வைக்கும்.

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சூப்பானை ஓடும் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, அதில் போட்டுத் தேயுங்கள். இந்தக் கிண்ணம் குழந்தையின் சாமான்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியதாக இருக்கட்டும். சிங்க் தொட்டிக்குள் நேரடியாகப் போட வேண்டாம். மீன் கழுவிய தண்ணீரும் கறி கழுவிய தண்ணீரும் போன வழி அது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் கூடாது. நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும் ஸ்பாஞ்சு சமையலறையிலேயே அழுக்கான பொருள்களில் ஒன்று. கம்பி நாரும் தேங்காய் நாரும் சிலிக்கானில் கீறல் போடும், கீறலுக்குள் அழுக்கு போகும். மென்மையான குழந்தைப் பல் துலக்கி ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனை அந்த இடுக்குக்குள் போகும். குமிழின் அடிப்பக்கம், தட்டின் துளைகள், வளையம் மாட்டியிருக்கும் மூட்டு என்று ஒரு சுற்று வந்தால் அரை நிமிட வேலை. சோப்பு வாசம் போகும் வரை அலசுங்கள். அந்தக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கூடக் கழுவிக் காய வைக்க வேண்டும்.

இனி அடுப்பு. புதிதாக வாங்கியதை முதல் உபயோகத்துக்கு முன் கட்டாயம் கொதிக்கவைக்க வேண்டும். குழந்தையின் பால் சாமான்களைக் கொதிக்கவைக்க 5 நிமிடம் போதும் என்கிறது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ் குறைந்தது 10 நிமிடம் என்கிறது. இரண்டில் எது என்று குழம்ப வேண்டாம். பொட்டலத்தில் நிறுவனம் சொல்லும் நேரத்தைப் பாருங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால் சிலிக்கானுக்கு 10 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகே கணக்கு ஆரம்பம். அடுப்பைப் பற்றவைத்த நேரத்திலிருந்து எண்ணுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. ஊட்டி போன்ற உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடும் நோய்க் கிருமிகளுக்குப் போதுமானதுதான். நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

பாத்திரம் கொஞ்சம் ஆழமானதாக இருக்கட்டும். சூப்பான் மிதக்கும் என்பதால், மேலே ஒரு சின்னத் தட்டு வைத்து அமுக்கிவிடலாம். தண்ணீர் வற்றி பிளாஸ்டிக் தட்டு அடியில் பட்டால் உருகிவிடும். அடுப்பில் வைத்துவிட்டு சீரியலில் உட்கார்ந்தவர்கள் இந்த வாசத்தை அறிவார்கள். பிரஷர் குக்கர் வேண்டாம். அங்கே சூடு 120 டிகிரியைத் தொடும். பொருத்திய பிளாஸ்டிக் பாகங்கள் கோணிக்கொள்ளும், ரப்பர் கெட்டுவிடும். இட்லிப் பானையில் வேக வைப்பவர்களும் உண்டு. ஆவி என்பதில் தவறில்லை. ஆனால் தட்டின் குழிகளில் எண்ணெயும் மாவும் கொஞ்சமாவது இருக்கும், அது வேறு ஒரு படலமாகச் சூப்பானில் ஏறும். ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரத்தை இதற்கென்று ஒதுக்குவது சுலபம்.

தண்ணீர் எது என்பதும் முக்கியம். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சில நாளிலேயே சூப்பான் வெள்ளை பூத்துவிடும். அது கிருமி அல்ல, உப்புப் படிவு. ஆனால் வழவழப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும், சொரசொரப்பில் அழுக்கு நன்றாகப் பிடிக்கும். குடிக்கிற தண்ணீரிலேயே கொதிக்கவையுங்கள். படிந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்துத் தேய்த்து அலசினால் போய்விடும்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. சூப்பானின் சப்பும் பகுதி உள்ளே பொள்ளலாக இருந்தால், கொதிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து முட்டை முட்டையாக வெளியேறுவதைப் பார்க்கலாம். அடுப்பை அணைத்ததும் மிச்சக் காற்று சுருங்கும். அந்த இடத்துக்குத் தண்ணீர் உள்ளே ஏறும். கரண்டியால் எடுத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புவது தெரியும். அப்படியே குழந்தைக்குக் கொடுத்தால் வெளியே ஆறியிருந்தாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் நாக்கைச் சுடும். வடிக்காமல் டப்பாவில் போட்டால் அந்தத் தண்ணீர் அங்கேயே கிடந்து வீச்சம் எடுக்கும். ஆறியதும் கழுவிய கையால் அந்தப் பகுதியை நன்றாகப் பிழிந்து, உள்ளே போன தண்ணீரை முழுவதும் வெளியேற்றுங்கள். அடுத்த தடவை கொதிக்கவைத்தபின், நீங்களே ஒன்றைப் பிழிந்து பாருங்கள். எவ்வளவு வருகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

பிறகு காய வைத்தல். சுத்தமான துவைத்த துணி அல்லது பேப்பர் டவல் மேல் காற்றாட வையுங்கள். கைத்துண்டால் துடைக்காதீர்கள், கொன்ற கிருமிக்குப் பதிலாகத் துண்டில் இருக்கும் கிருமியைப் பூசினதுதான் மிச்சமாகும். முழுக்கக் காய்ந்த பிறகே மூடி போட்ட டப்பாவுக்குள் போக வேண்டும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரிப் புழுக்கமான ஊர்களில், ஈரத்தோடு மூடிய சூப்பானில் கறுப்புப் புள்ளிகள் வரும். அது பூஞ்சை. தேய்த்துப் போக்கப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். பொட்டலத்தோடு வரும் ஒட்டு மூடியைப் பற்றியும் இதே எச்சரிக்கை: சப்பி எடுத்த ஈரத்தின் மேல் அதை மாட்டி வைப்பது புழுக்கத்தில் போட்டு அடைப்பதுதான்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை கொதிக்கவைக்க வேண்டும்? இரண்டு மாதம் நிறையாத குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது, நோய் எதிர்ப்பு குறைந்தது என்றால் தினமும். மற்றக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை அடிக்கடி கொதிக்கவைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை. அதன் பிறகு சோப்பும் தண்ணீரும் போதும் என்கிறது. தவழத் தொடங்கிய பிள்ளை செருப்பு, சாவி, பூனை வால் எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் சூப்பானை மட்டும் அறுவைச் சிகிச்சைக் கத்தி மாதிரிக் காப்பதில் பொருள் இல்லை. ஆனால் சோப்புக் கழுவல் நிற்கக் கூடாது. காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, விழும்போதெல்லாம் ஒரு முறை.

விழுந்தால்

விழுந்து ஐந்து நொடிக்குள் எடுத்துவிட்டால் ஒட்டாது என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். தர்பூசணித் துண்டு, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஜெல்லி மிட்டாய் நான்கையும் பாக்டீரியா தடவிய எஃகு, ஓடு, மரம், கம்பளம் ஆகியவற்றின் மேல் போட்டுப் பார்த்தார்கள். ஒரு நொடிக்குள்ளேயே கிருமி ஏறியது. அதிகமாக ஏற்றிக்கொண்டது தர்பூசணி, காரணம் அதன் ஈரம். சூப்பான் எப்போதும் எச்சில் ஈரத்தோடுதான் விழுகிறது என்பதை நினைத்துக்கொண்டால் ஐந்து நொடிக் கணக்கைக் கைவிடுவது சுலபம்.

வீட்டுக்குள் விழுந்தால் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுக்கலாம். குளியலறை, வாசல், பேருந்து, ஆஸ்பத்திரி வராண்டா என்றால் அதைத் தனி டப்பாவில் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். வீட்டுக்கு வந்து கழுவிக் கொதிக்கவைத்த பிறகே அது மறுபடி வாய்க்குப் போகலாம். வெளியே கிளம்பும்போது பையில் இரண்டு டப்பா இருந்தால் போதும்: காய்ந்த சுத்தமானவை ஒன்றில், விழுந்தவை இன்னொன்றில். டப்பாக்கள் வேறு வேறு நிறத்தில் இருந்தால் பை பிடித்திருக்கும் மாமாவும் தடுமாற மாட்டார். ஈர டிஷ்யூவில் துடைப்பது கழுவுவதாகாது. மண்ணை அகற்றும், கிருமியைச் சரியாக அகற்றாது, தன் ரசாயனத்தையும் வாசனையையும் ரப்பரில் விட்டுப்போகும். கைக்குப் போடும் சானிடைசரைச் சூப்பானில் போடவே கூடாது. டெட்டால் கலந்த தண்ணீரில் முக்கும் பழைய பழக்கமும் அப்படித்தான்: அது வாய்க்குள் போக வேண்டிய திரவமே அல்ல.

இனி, வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம். சூப்பான் விழுகிறது, பாட்டி எடுக்கிறார், தன் வாயில் வைத்து ஒரு சப்பு சப்பி, “சுத்தமாயிடுச்சு” என்று பேரனுக்குக் கொடுக்கிறார். மருமகள் முகம் மாறுகிறது. “அத்தை, அப்படிச் செய்யாதீங்க” என்றால், “என் எச்சில் குடிச்சு வளர்ந்தவன்தான் உன் புருஷன்” என்று பதில் வரும்.

இந்தச் சண்டையில் பாட்டிக்குச் சாதகமாகவும் ஓர் ஆய்வு இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சுவீடனின் கோதன்பர்க் பகுதியில் 184 குழந்தைகளைக் கவனித்து 2013இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பெற்றோர் சப்பிச் சுத்தம் செய்து கொடுத்த குழந்தைகளிடம் ஒன்றரை வயதில் எக்ஸிமா எனும் தோல் படையும் ஆஸ்துமா அறிகுறிகளும் குறைவாக இருந்தன. பெரியவர்களின் எச்சிலில் வரும் பலவகைக் கிருமிகள் குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்குப் பயிற்சி கொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். சுவாரசியமான ஊகம்தான். ஆனால் இது சிறிய ஆய்வு. இப்படிச் செய்யுங்கள் என்று கட்டளையிட்டு நடத்தியதும் அல்ல. தாமாகவே அப்படிச் செய்த வீடுகளையும் செய்யாத வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. சப்பும் வீடுகள் வேறு பல விஷயங்களிலும் வேறுபட்டிருக்கலாம்.

மறுபக்கத்தில் இருப்பது ஊகம் அல்ல. பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா பெரியவர் எச்சிலிலிருந்துதான் பெரும்பாலும் குழந்தைக்கு வருகிறது. உதட்டு ஓரத்தில் கொப்புளமாக வரும் ஹெர்பீஸ் வைரஸ் நமக்கு வெறும் எரிச்சல். பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கு அது உயிருக்கே ஆபத்து. சளி, காய்ச்சல் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய் என்றால் அந்தச் சாறு வேறு. அதனால் சப்பிக் கொடுப்பது வேண்டாம் என்பதுதான் என் முடிவு. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. வாதத்தை விட, அவர் கைக்கு எட்டுமிடத்தில் சுத்தமான சூப்பான் டப்பாவை வைத்துவிட்டு, “அத்தை, விழுந்தா அதுல இருந்து ஒண்ணு எடுத்துக்கோங்க, விழுந்ததை இந்தக் கிண்ணத்துல போட்டுடுங்க” என்று வேலையைச் சுலபமாக்குவது பலன் தரும். பெரும்பாலும் அவர் சப்புவது தண்ணீர்க் குழாய் வரை எழுந்து போக முழங்கால் ஒத்துழைக்காததால்தான்.

மூத்த பிள்ளை தம்பியின் சூப்பானை எடுத்து ஒரு சப்புச் சப்பிவிட்டு வைப்பதும் இதே கணக்கு. பள்ளியிலிருந்து வருகிற கை, கால், வாய் நோய் கூட இந்த வழியில் கைக்குழந்தைக்கு வரும். பால்வாடியிலோ காப்பகத்திலோ விடுகிறவர்கள் ஒவ்வொரு சூப்பானின் வளையத்திலும் அழியாத மையில் பெயர் எழுதிக் கொடுங்கள், டப்பாவிலும் எழுதுங்கள்.

தேன், சர்க்கரை, ஊக்கு

சூப்பானைத் தேனில் தொட்டுக் கொடுக்கக் கூடாது. ஒரு வயது நிறையும் வரை ஒரு சொட்டும் கூடாது. சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். நம் குடலில் அவை முளைக்காமல் போய்விடும். சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கும் வலு குறைதல், கழுத்துத் தொய்வு, கண் இமை கீழே இறங்குதல் என்று ஆரம்பித்து மூச்சுத் தசை வரை செயலிழக்கலாம். 2018இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு குழந்தைகள் இந்த நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நால்வரும் உள்ளே தேன் நிரப்பிய, மெக்சிகோவில் வாங்கிய சூப்பானைச் சப்பியவர்கள். அந்த ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் பெற்றோர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. தேனைக் காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். சாதாரணக் கொதிநிலைக்கு அந்த வித்துகள் சாகாது.

சர்க்கரை, வெல்லப்பாகு, கிரைப் வாட்டர் எதில் தொட்டாலும் இன்னொரு தொல்லை: இனிப்புப் படலம் ஈயையும் எறும்பையும் கூப்பிடும், முளைக்கும் பல்லை அரிக்கும்.

சூப்பான் விழாமல் இருக்க அரைஞாண் கயிற்றிலோ கழுத்துக் கயிற்றிலோ கட்டிவிடுவதையும், சட்டையில் ஊக்கு குத்தி மாட்டுவதையும் நிறுத்துங்கள். கயிறு கழுத்தை இறுக்கும். தூளியில் புரளும் பிள்ளைக்கு இது இன்னும் ஆபத்து. அமெரிக்காவில் கயிறோ நாடாவோ கோத்த சூப்பானை விற்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. விழித்திருக்கும்போது மட்டும், 22 சென்டிமீட்டருக்கு மிகாத நாடா உள்ள கிளிப் மாட்டலாம். தூங்கப் போடும்போது கழற்றிவிட வேண்டும். அந்த நாடா குழந்தையின் எச்சிலில் ஊறிக்கொண்டே இருப்பது. சூப்பானைப் பத்து தடவை கழுவி நாடாவை மாதக் கணக்கில் துவைக்காத வீடுகளே அதிகம்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: மின்சார ஸ்டெரிலைசர் நல்ல வசதி, அவசியம் அல்ல. அதன் அடித்தட்டில் உப்புப் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புறஊதாக் கதிர் விடும் சின்னப் பெட்டிகள் ஒளி படும் இடத்தை மட்டுமே சுத்தம் செய்யும், நிழல் விழும் இடுக்கை விட்டுவிடும். அந்தக் காசுக்கு இன்னும் நான்கு சூப்பான் வாங்கலாம்.

உடம்புக்கு வந்தால், நாளானால்

குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளையாகத் திட்டு இருந்து, ஈரத் துணியால் மெல்லத் துடைத்தாலும் போகவில்லை என்றால் அது பால் படிவு அல்ல, கேண்டிடா எனும் பூஞ்சையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். பால் கொடுக்கும் தாயின் காம்பிலும் எரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இருவருக்கும் சேர்த்து மருந்து போடாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் திரும்ப வரும். மருந்து போடும் நாள்களில் உபயோகித்த ஒவ்வொரு சூப்பானையும் தினமும் கழுவிக் கொதிக்கவையுங்கள். குணமானதும் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். பேதியின்போதும் அதே தினசரிக் கொதிநீர். பேதி தரும் ரோட்டா வைரஸ் மலம் வழியாகக் கைக்கும், கை வழியாக வாய்க்கும் போகிறது. டயப்பர் மாற்றிய கையைச் சோப்பால் கழுவாமல் சூப்பானை எடுத்துக் கொடுத்தால் கொதிக்கவைத்தது வீண்.

நோயே வராவிட்டாலும் சூப்பானுக்கு ஆயுள் சிறியது. சிலிக்கானாக இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றலாம். ரப்பரை அதற்கும் முன்பே. தினமும் கொடுப்பதற்கு முன் குமிழைப் பிடித்து எல்லாத் திசையிலும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பல் தடம், வெடிப்பு, பிசுபிசுப்பு, நிறம் மங்கல், உப்பிப் போன வடிவம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றோடு சரி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க எடுத்து வைக்காதீர்கள். தூக்கிப் போடும்போது கத்தரியால் வெட்டிப் போட்டால் குப்பையிலிருந்து வேறு யாரும் எடுத்து உபயோகிக்க மாட்டார்கள்.

வாயில் வைக்காதே என்ற முதல் கட்சிக்கு இப்போது வரலாம். தாய்ப்பால் நன்றாகப் பிடிபடும் முன் சூப்பான் பழக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அதற்கு மூன்று, நான்கு வாரம் பொறுக்கச் சொல்கிறது. பசிக்கு அழும் பிள்ளைக்குச் சூப்பானைக் கொடுத்து அடக்கினால் பால் குறையும். ஆனால் தூங்கப் போகும்போது சூப்பான் கொடுப்பது, காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணத்தைக் குறைக்கிறது என்று அதே சங்கம்தான் சொல்கிறது. தூங்கியபின் வாயிலிருந்து விழுந்தால் மறுபடி வைக்கத் தேவை இல்லை. விழுந்ததை இருட்டில் தடவி எடுத்துத் துடைத்து மறுபடி வாயில் திணிக்கும் நள்ளிரவு வேலை இதனால் மிச்சம். ஆறு மாதத்துக்குப் பிறகு காதுத் தொற்று அதிகமாவதால் அங்கிருந்தே குறைத்துக்கொண்டு வரலாம். இரண்டு வயதுக்கு மேலும் தொடர்ந்தால் பல் வரிசை கெடும். முதலில் பகல் நேரத்தை நிறுத்துங்கள், பிறகு தூக்கத்துக்கு மட்டும், அதன் பின் அதுவும் இல்லை. உபயோகிக்கிற நேரம் குறையும்போது பையில் கிடக்கிற நேரம் கூடும் என்பதால், எப்போதாவது ஒரு முறை எடுக்கிற அந்தச் சூப்பானைத்தான் கொடுப்பதற்கு முன் கட்டாயம் கழுவ வேண்டும்.